கடலுக்கு நடுவே என் பூட்டு

விருத்தாசலத்தில் என் வீட்டு கேட்டில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்குகிறது. பித்தளையும் இல்லை, இரும்பும் இல்லை. உடம்பு பிளாஸ்டிக், கொக்கி மட்டும் எஃகு. பார்க்கிறவர்கள் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார்கள். கறிக்கடை பாய் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தவர் அதைச் சுண்டிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, இத்தாம் பெரிய வூட்டக் கட்டிட்டு, கேட்டுக்குப் போயி சின்னப் புள்ள பூட்ட மாட்டி வச்சிருக்கீங்க?"

"பாய், இந்தப் பூட்டு தொங்குனா நடுக்கடல்ல யாராலயும் கரண்டு குடுக்க முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"அப்ப அத மொதல்ல எங்க தெருவுல இருந்து கழட்டுங்க. அங்கதான் கரண்டே வர மாட்டேங்குது."

தெருவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்குச் சிரித்தவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அஞ்சாவதைத் தாண்டாதவன். அதற்குமேல் எனக்குப் பாடம் நடத்தியது பீங்கான் சூளைதான். எங்கள் ஊர் பீங்கானில் பொம்மை செய்வார்கள், ஜாடி செய்வார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் இங்கே இருந்து போனதாக இருக்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டரையும் செய்திருக்கிறோம். மண் பிசைந்தேன், அச்சில் அடித்தேன், மெருகு பூசினேன், சூளையில் அடுக்கினேன். கடைசியில் தரம் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த மேசையில் ஒருவனை உட்கார வைக்கிறார்கள் என்றால் அவன் கண்ணை நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த மேசையில் ஒரே சட்டம்தான். சூளையிலிருந்து வந்த சாமானை வெளிச்சத்துக்கு நேரே திருப்ப வேண்டும். கிளேஸ், அதாவது மேல்மெருகு, பளபளத்தால் இந்தப் பக்கம், மங்கலாக இருந்தால் கழிவு ஓட்டுக் குவியலில். மங்கல் என்றால் சூடு ஏறவில்லை, மெருகு செத்துவிட்டது என்று பொருள். எங்கள் ஊர்க்காரன் எவனாவது கல்யாணப் பந்தியில் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், குடிக்க யோசிக்கிறான் என்று நினைக்காதீர்கள். செராமிக்கில் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் சுற்றுகிறது.

வளைகுடாவுக்குப் போனது யார் தயவிலும் இல்லை. கேபிள் பதிக்கப் பள்ளம் வெட்டுகிற ஆளாகப் போனேன். கடற்கரை ஓரமாக ஓடுகிற மின்கம்பிகளில் பீங்கானைக் கழுவ ஆள் தேவைப்பட்டது. வரிசையாக நிற்க வைத்து, யாருக்காவது இன்சுலேட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். மற்றவர்கள் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். நான் மட்டும், "நான் செஞ்சிருக்கேன்" என்றேன். கேட்டவர் நம்பவில்லை. கையில் ஒன்றைக் கொடுத்தார். எங்கே அச்சு சேர்ந்தது, எந்தப் பக்கம் சூளைத் தட்டில் உட்கார்ந்தது என்று காட்டினேன். அன்றோடு மண்வெட்டியைக் கீழே வைத்தவன்தான். கழுவுகிறவனாக ஆரம்பித்து, ஒரு கேங்குக்கே தலைவனாகி, கடைசியில் கடல் மேடைக்குப் போனேன்.

கடல் மேடை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கரையில் தயாராகிற மின்சாரம், தொடை தடிமனுக்கு ஒரு கேபிளில் கடலடி மண்ணுக்குள் பல மைல் ஓடி, இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு மேடையில் ஏறும். அங்கே வீடு மாதிரி பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அது அழுத்தத்தைக் குறைத்து, சுற்றியிருக்கிற எண்ணெய் மேடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த மேடைகளில் பம்பு ஓடுவது, சோறு வேகுவது, ஏசி குளிர்வது எல்லாம் இதிலிருந்துதான். டிரான்ஸ்ஃபார்மர் தலையில் மூன்று பீங்கான் கொம்புகள் நிற்கும். புஷ்ஷிங் என்பார்கள். ஆளை விட உயரம், அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி இருக்கும். கரண்டு அவற்றின் நடு வயிறு வழியாகத்தான் உள்ளே போகிறது. வெளித்தோல் வழியாக ஒரு துளிகூட வழியக்கூடாது. அதற்குத்தான் பீங்கான்.

கடலில் பீங்கானுக்கு எதிரி உப்பு. காற்றில் வருகிற உப்பும் பாலைவனத் தூசும் சேர்ந்து குடைகளின் மேல் படியும். விடியற்காலைப் பனி அதைக் குழைத்துவிட்டால், கரண்டுக்கு அது தார் ரோடு. பீங்கான் மேலேயே தவழ்ந்து தரைக்குத் தாவிவிடும். கரையில் ஒருமுறை அப்படித் தாவியதைப் பார்த்திருக்கிறேன். வானம் கிழிந்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் ஆள் இல்லை, அது யார் செய்த புண்ணியமோ. பீங்கான் துண்டு ஒன்று இரும்புக் கதவில் ஆணி மாதிரி இறங்கியிருந்தது.

அதனால் கடல் மேடையில் பீங்கான் மேல் ஒரு பூச்சு பூசுவார்கள். ரப்பர் மாதிரி, சாம்பல் நிறம், பளபளப்பே இருக்காது. ஆனால் தண்ணீர் பட்டால் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், உப்பையும் இழுத்துக்கொண்டு. எங்கள் வேலை, மின்சாரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றியெடுத்து, பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நட்டு போல்ட் முறுக்கிக் கொடுப்பது.

இந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அதுதான் என் கேட்டில் தொங்குகிற பூட்டு. சுவிட்சை நிறுத்தியதும் அதன் சாவியை ஒரு பெட்டியில் போடுவார்கள். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். அவரவர் சாவி அவரவர் கழுத்தில். எல்லாப் பூட்டும் இறங்கினால்தான் பெட்டி திறக்கும், மின்சாரம் வரும். கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும் என் பூட்டை நான்தான் எடுக்க வேண்டும். கையெழுத்துக்கு மதிப்பில்லாத என்னை மாதிரி ஆளுக்கு உலகத்திலேயே அந்த இடத்தில்தான் அத்தனை மரியாதை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

என் மச்சானை அங்கே கூட்டிப் போனதும் நான்தான். என் வீட்டுக்காரியின் தம்பி. அவனும் செராமிக்தான், தரம் பிரிக்கிற மேசையில் எனக்குப் பிறகு உட்கார்ந்தவன். சேத்தியாத்தோப்பில் ஒரு பெண் பார்த்து நிச்சயம் முடித்திருந்தோம். வெளிநாட்டில் வேலை, அதுவும் மாமன் கேங்கிலேயே என்றதும்தான் பெண் வீட்டார் தலையாட்டினார்கள். கிளம்புகிற அன்று என் வீட்டுக்காரி வாசல் வரைக்கும் வந்தாள்.

"என் தம்பிய உங்க கையில குடுத்திருக்கேன். கல்யாணத்துக்கு முழுசா, மரியாதையா கூட்டிக்கிட்டு வரணும், ஆமா."

"நான் கூட்டிப் போனவன் எவன்டி பாதியில திரும்பியிருக்கான்?" என்றேன். உண்மைதான். அதுவரைக்கும் ஒருத்தன்கூட இல்லை.

அந்த வருடக் கழுவலுக்கு மேடைக்குப் போனபோது வடக்கிலிருந்து பெருங்காற்று கிளம்புகிறது என்று செய்தி வந்திருந்தது. அதற்குள் வேலையை முடித்து மின்சாரம் கொடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் சுற்றியிருந்த மேடைகள் டீசல் ஜெனரேட்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. எங்களுக்கு மேலே ஒரு பெண் எஞ்சினியர், தூத்துக்குடிப் பக்கம். சின்ன வயது, பெரிய குரல். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். முதல் நாளே நான், "யம்மா, இந்த மாதிரி கொம்பு எத்தனையோ பாத்தாச்சு, நீங்க கவலப்படாம டீ குடிங்க" என்றேன். "டீய மேல கொண்டு வந்து குடிக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏணியில் ஏறிய பெண் அது. அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று.

காலையில் பெர்மிட் வாங்கி, பூட்டு மாட்டி, எர்த் கம்பி போட்டு, கேங்குக்கு நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். கழுவு, ஒற்று, தேய்க்காதே. மச்சான் தலையாட்டினான். அவனைக் கடல் பக்கம் இருந்த மூன்றாவது கொம்பில் ஏற்றிவிட்டு, நான் முதல் கொம்பின் மேல்முனையில் நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிகிற நேரம். மூன்றாவது கொம்பின் சாரத்திலிருந்து மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, ஏறி வந்து பாருங்களேன். மூஞ்சி தெரியுது!"

"எதுலடா மூஞ்சி தெரியுது?"

"பீங்கான்லதான். எவனோ மேல சாம்பலப் பூசிக் கெடுத்து வச்சிருக்கான். உள்ள கிளேஸ் தங்கமாட்டம் இருக்குது."

ஏறினேன். கடலைப் பார்த்த பக்கம், நடுவில் பல குடைகளில் பூச்சே இல்லை. உரித்து, துடைத்து, எங்கள் ஊர் மேசைக்குப் போகிற சாமான் மாதிரி பளபளவென்று வைத்திருந்தான். காலடியில் உரித்த தோல் சுருண்டு கிடந்தது, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி.

"அடப்பாவி! காலையில என்னா சொன்னேன் நான்?"

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னீங்க. தேய்க்கல மாமா. ஓரத்துல லேசாத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. இழுத்தேன், வந்துச்சு. பளபளன்னு தெரிஞ்சதும் கை நிக்கல."

கை நிக்கல என்றானே, அதற்கு மேல் அவனை எப்படித் திட்டுவது? வேறு எந்த ஊர்க்காரனும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். மற்ற ஊர்க்காரனுக்கு மங்கலாக இருந்தால் மங்கல், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரனுக்கு மங்கலான பீங்கான் என்றால் ஊரே தலைகுனிந்த மாதிரி. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் கோபத்திலும் என் கண் அந்த மெருகைத்தான் முதலில் பார்த்தது. நல்ல சூளை. என் முகமும் அதில் தெரிந்தது.

கீழே ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வேலை முடித்தவர்கள் பூட்டை எடுக்க வரலாம். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். மச்சானுக்கு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்து விஷயம் விளங்கியது. வழக்கம்போல் எனக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தான்.

"மாமா, பீங்கானும் சாம்பல், பூச்சும் சாம்பல். கீழேருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. பூட்ட எடுத்துடலாம். அடுத்த ஷட்டவுன்ல நானே பூசிடுறேன்."

"அதுவரைக்கும் உப்பு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருமா?"

"எகத்தாளம் பண்ணாதீங்க மாமா. இதச் சொன்னா என்னையப் போட்டுல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க. சேத்தியாத்தோப்புல என்னா சொல்வாங்க? வெளிநாட்டு மாப்பிள்ளன்னு பொண்ணு குடுத்தவங்க, வெரட்டி வுட்ட மாப்பிள்ளைக்குக் குடுப்பாங்களா? அக்கா மூஞ்சில நீங்க எப்புடி முழிப்பீங்க?"

அது சரியான கேள்வி. நான் அசைக்க முடியாத ஆள்தான், ஆனால் என் வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. அதே சமயம் அந்த இரும்புக் கதவில் இறங்கியிருந்த பீங்கான் துண்டும் கண்ணில் நின்றது. இந்த மேடையில் தினமும் சாமான்களைச் சோதிக்கச் சுற்றி வருகிற ஆட்கள் இந்தக் கொம்புகளுக்கு அடியில்தான் நடக்கிறார்கள். காற்று கிளம்பி உப்பு அடித்து, பனி இறங்கினால், யாருடைய மாப்பிள்ளை அந்த நேரத்தில் கீழே நிற்பான் என்று யாருக்குத் தெரியும்?

"உன் பூட்ட எடுக்காத" என்றேன். "என்னுதும் தொங்கட்டும்."

"மாமா..."

"வாய மூடிக்கிட்டு எறங்கு. பெல்ட்டப் பாத்துக் கழட்டு. அவசரத்துல விழுந்து தொலைக்காத, அப்பறம் அதுக்கும் உங்க அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

பெட்டிக்கு முன்னால் எல்லோரும் பூட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு சிவப்புப் பூட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சினியர் அம்மா கையில் போன், காதில் கரை.

"அண்ணாச்சி, ஒங்களுதும் ஒங்க ஆளுதும் மட்டும்தான் நிக்கி. கரையில அவசரப்படுத்துதாங்க."

"அவசரப்படட்டும்மா. நான் எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"மூணாவது கொம்புல பூச்ச உரிச்சாச்சு. கடல் பக்கம். என் கேங்க்ல நடந்தது, பொறுப்பு என்னுது. நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிங்க."

அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்தது. "பொறுப்ப நான் இப்பக் கேக்கல அண்ணாச்சி. உரிச்ச ஆளு யாரு? எந்தக் குடையில ஆரம்பிச்சாரு, எதால உரிச்சாருன்னு அவரு வாயால கேட்டாத்தான் எவ்வளவு தூரம் கெட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் வந்தான். "நான்தாங்க. கையாலதான் உரிச்சேன், இரும்பு எதுவும் படல. நடுவுல ஆரம்பிச்சேன், கீழ வரைக்கும் போகல."

என் மச்சான் என்று அந்த நிமிடத்தில் சொல்லிக்கொள்ளலாம் போலிருந்தது. சற்று முன்னால் அவன் கிசுகிசுத்ததை அத்தோடு மறந்துவிட்டேன்.

எஞ்சினியர் அம்மா ஏறியது. தண்ணீர் தெளிப்பானில் ஒரு பீச்சு. பூச்சு இருந்த இடத்தில் தண்ணீர் முத்தாக உருண்டது. உரித்த இடத்தில் கண்ணாடியில் பரவுகிற மாதிரி அகலமாகப் பரவி, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. மச்சானை மேலே கூப்பிட்டுக் காட்டியது. "பாருங்க. இந்தத் தண்ணியில உப்பு கலந்துச்சுன்னா அது கம்பி மாதிரி. இது ஒங்க ஊரு கப்பு சாசர் இல்ல, மினுக்குறதுக்கு." மச்சான் தலையைத் தொங்கப்போட்டான். எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது அந்தச் சொல். விழட்டும். சரியாகத்தானே சொன்னது.

கரையோடு பேச்சு நீண்டது. எஞ்சினியர் அம்மா போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசியது, ஆங்கிலத்தில். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று விஷயம் புரிந்தது. இப்படியே கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள், முடியாது என்றது. அந்த ஆளை மாலைப் படகில் அனுப்பு என்றார்கள்.  அந்தப் பெண் மேடையின் கொடியைப் பார்த்தது. காற்று ஏற ஆரம்பித்திருந்தது.

போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டது. "அண்ணாச்சி, ஸ்டோர்ல பூச்சு டப்பா இருக்கு. ஆனா இந்தக் காத்துல ஸ்பிரே அடிச்சா பாதி கடலுக்குப் போயிரும். பிரஷ்லதான் பூசணும். குடைக்கு அடியில, மடிப்புக்குள்ள, வழியாம, ஒரே தடிப்புல. செய்ய ஆளு இருக்கா?"

ஆள் இருக்கா என்று என்னிடம் கேட்கிறது! "யம்மா, எங்க ஊர்ல பொறந்த புள்ளைக்கு மொதல்ல பிரஷ்தான் கையில குடுப்போம்" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஆனால் கேங்கில் இருந்தவர்களில் செராமிக்கில் மெருகு பூசியவர்கள் நானும் மச்சானும்தான், அது மெய். "ரெண்டு கை வேணும். ஒண்ணு என்னுது. இன்னொண்ணு கரையில போட்டுல ஏத்தச் சொன்ன ஆளுது."

அந்தப் பெண் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. "நான் பக்கத்துல நிப்பேன். நிறுத்துன்னா நிறுத்தணும்." பிறகு போனில், அந்த ஆள் இந்தப் படகில் வரவில்லை, வேலைக்குத் தேவைப்படுகிறான், அனுப்புவதா வேண்டாமா என்பதை வேலை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றது. ஆக மச்சானின் கல்யாணம் அந்தக் கொம்பில் தொங்கியது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது கொம்பைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். உள்ளே ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கூடாரம். பீங்கானைத் துடைத்துக் காயவிட்டு, டப்பாவைக் கலக்கி, ஆரம்பித்தோம். முதல் குடையைப் பூசி முடித்து நான் பெருமையாகப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு வழிசல் இல்லை. எஞ்சினியர் அம்மா சீப்பு மாதிரி பல் வைத்த, தடிப்பு அளக்கிற ஒரு தகட்டை எடுத்து ஈரப் பூச்சில் அழுத்திப் பார்த்தது.

"அழகா இருக்கு அண்ணாச்சி. ஆனா ஓரத்துல மெலிசு. தடிப்பா வேணும்."

"ஓரத்துல தடிப்பா வச்சா சூளையில வழிஞ்சிரும்மா."

"இத சூளையிலயா போடப் போறீய?"

மச்சான் குனிந்துகொண்டு சிரித்தான். அன்று அவன் சிரித்தது அப்போதுதான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை பழகியது அப்படி. சூளையில் ஓரம் வழியும் என்று பல வருடம் மெலிசாகவே பூசிய கை. அதற்குப் பிறகு ஓரத்துக்கு ஒரு இழுப்பு அதிகமாகக் கொடுத்தோம். மச்சான் மேலிருந்து கீழே வந்தான், நான் கீழிருந்து மேலே போனேன். நடுவில் எங்கள் பிரஷ் சந்தித்த இடம் எது என்று பிறகு எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கடலில் எங்களை விட நன்றாக அதைப் பூசக்கூடிய ஆள் அன்று இல்லை.

பூச்சு காய மறுநாள் வரைக்கும் காத்திருந்தோம். மாலைப் படகு மச்சான் இல்லாமல் போயிற்று. காற்று தார்ப்பாயைப் போட்டு அடித்தது, மாற்றி மாற்றி இழுத்துக் கட்டினோம். மச்சான் சாப்பிட உட்காரவில்லை. நான் திட்டிய பிறகு ஒரு ரொட்டியை நின்றபடி தின்றான். காலையில் எஞ்சினியர் அம்மா தெளிப்பானோடு வந்தது. முதல் பீச்சை எங்களையே அடிக்கச் சொன்னது. மச்சான் அடித்தான். தண்ணீர் உருண்டது. சுற்றிச் சுற்றி, அடிக்கு அடி அடித்தான். ஒரு குடையில்கூட நிற்கவில்லை. முத்து முத்தாக ஓடி, தார்ப்பாய் மேல் கொட்டியது.

அப்புறம் பெட்டிக்கு முன்னால் போனோம். மச்சான் கழுத்துச் சாவியை எடுத்துத் திறந்தான்.  கடைசியாக என்னுது. நான் உடனே எடுக்கவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சூளைக்குள் புகை குடித்து வளர்ந்த ஒரு ஆள், தன் பூட்டை எடுக்கிற வரைக்கும். கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான் எடுத்தேன். அதில் என்ன தப்பு?

மின்சாரம் ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கியது. ஒரே சுருதி, வெடிப்பில்லை, சடசடப்பில்லை. பெருங்காற்று அன்று மாலை வந்து உப்பை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. அடுத்த விடியலில் பனி இறங்கியபோது நானும் எஞ்சினியர் அம்மாவும் தூரத்தில் நின்று பார்த்தோம். மூன்றாவது கொம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பொறி இல்லை.

மச்சான் விஷயத்தைப் பேச அந்தப் பெண் கரைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது, நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வெளியே வந்து சொன்னது. "தப்பு பண்ணதுக்கு இந்த சீசன் முழுக்க மேல ஏற விட மாட்டாங்க. கீழ நின்னு தண்ணிக் குழாய் பிடிக்கணும். பூட்டு தொங்குனதால ஆளு தப்பிச்சாரு அண்ணாச்சி. பூட்ட எடுத்துட்டு அப்பறம் தெரிஞ்சிருந்தா, ஒங்க ரெண்டு பேரையும் என்னாலயும் காப்பாத்த முடியாது."

அன்றே என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"தம்பி எப்புடி இருக்கான்?"

"கொழா புடிக்கிறான்."

"என்னாது?"

"நல்லாயிருக்கான்னு சொன்னேன். கல்யாணத்துக்கு மண்டபம் பாரு."

மச்சான் அந்த சீசன் முழுக்கக் கீழே நின்று குழாய் பிடித்தான். முகம் சுளிக்கவில்லை. சொன்ன தேதியில் ஊருக்கு வந்து, சொன்ன முகூர்த்தத்தில் தாலி கட்டினான். சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். பந்தியில் பெண்ணின் பெரியப்பா, நல்லூர்ப் பக்கம் விவசாயம், சாம்பார் ஊற்றியபடியே கேட்டார். "மாப்பிள்ள, கடல்ல உங்களுக்கு என்னாங்க வேல?"

மச்சான் இலையிலிருந்து நிமிர்ந்தான். "பீங்கான் வேலதாங்க. ஒருதரம் புயல் வர்ற நேரத்துல கொம்புல பூச்சு இல்லாமப் போயிருச்சு. ஸ்பிரே அடிக்க முடியல. என்னத்தான் கூப்டாங்க. காத்துல தார்ப்பாய் கட்டி, பிரஷ்லயே பூசிக் குடுத்தேன். எஞ்சினியராலயே ஒண்ணும் கொற சொல்ல முடியல."

"அடேங்கப்பா" என்றார் பெரியப்பா. பக்கத்து இலைகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி பரிமாறிக்கொண்டே பூரித்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டேன். பெருமை பேசுவதில் எனக்கே தாத்தா ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த மேடையில் என் இடத்தில் அவன்தான் கேங்குத் தலைவன். நான் வேலையை விட்டு வந்தபோது எஞ்சினியர் அம்மா என் பூட்டை என்னிடமே கொடுத்தனுப்பியது. ஒவ்வொரு கழுவல் நாளிலும் மச்சான் பூட்டை மாட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணுகிறான். "மாமா, மாட்டிட்டேன்." எடுத்துவிட்டும் பண்ணுகிறான். புதிதாக வருகிற எங்கள் ஊர் ஆட்களிடம் முதல் நாளே, மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும், கையைக் கட்டிக்கொள் என்கிறானாம். ஏன் என்று மட்டும் சொல்வதில்லையாம்.

பூசினது அவன்தான், பெரியப்பாவிடம் சொன்னது பொய் இல்லை. உரித்ததும் அவன்தான் என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் அன்று சொல்லவில்லை. அவன் அக்காவுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. இதை அச்சில் பார்த்ததும் முதலில் அவள்தான் படிப்பாள். படித்துவிட்டு என்னைத்தான் கேட்பாள். கேட்கட்டும். முழுசா, மரியாதையா கூட்டிக்கொண்டு வந்தேனா இல்லையா?